உரிதலும் உரித்தலும்

சென்ற மே மாதம், தில்லியில் நான் தங்கியிருக்கும் வாடகை அறைக்கு ஐந்து வார விருந்தாளியாக ஒரு பாம்பு வந்தது. களப்பணிக்குச் சென்ற தோழி ஒருவர் கண்ணாடித் தொட்டியோடு ஒப்படைத்துச் சென்ற பந்து மலைப்பாம்பு அது. அஞ்சினால் தலையை உள்ளே புதைத்துப் பந்துபோல் சுருண்டுகொள்ளும், அதனால் அப்பெயர். நச்சற்றது. மேற்கு, மத்திய ஆப்பிரிக்கப் புல்வெளிகள் அதன் தாயகம். (கேட்கப்போகிறவர்களுக்கு முன்கூட்டியே: நம் நாட்டுப் பாம்புகளை வீட்டில் வளர்ப்பது 1972ஆம் ஆண்டு வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். இது அயல்நாட்டு இனம். 2024ஆம் ஆண்டு விதிகளின்படி பதிவு செய்யப்பட்டது.)

மூன்றாம் வாரத்தில் அதன் நிறம் மங்கியது. கண்கள் நீலம் கலந்த பால்நிறமாயின. பழைய தோலுக்கும் அடியில் உருவாகியிருக்கும் புதிய தோலுக்கும் இடையே நீர்மம் சுரப்பதால் வரும் மங்கல் அது. சில நாள்களில் கண் தெளிந்துவிடும். தெளிந்தபின் மேலும் சில நாள்கள் கழித்தே சட்டை கழலும். உதட்டோரத்தில் தொடங்கி, காலுறையைக் கழற்றுவதுபோல் உள்புறம் வெளியாகத் திரும்பி, ஒரே நீளமாக வாலில் முடியவேண்டும். என் அறையில் அது துண்டு துண்டாகக் கிழிந்தது. கண்ட நான் செய்த முதற்காரியம், விரலால் பற்றி இழுத்தது.

தமிழில் ‘உரி’ என்னும் ஒரே அடியிலிருந்து இரு வினைகள் பிறக்கின்றன. தோல் உரிந்தது, தோலை உரித்தான். தன்வினை, பிறவினை என்று பள்ளியில் படித்த வேறுபாடுதான். கு. பரமசிவம் 1979இல் வெளியான தம் ஆய்வில் இத்தகைய இணைகளைச் செயப்படுபொருள் உண்டா இல்லையா என்று மட்டும் பார்க்காமல், எழுவாய் வினைக்கு ஆட்படுகிறதா, வினையைச் செலுத்துகிறதா என்று பார்த்தார். முதுகலையில் இதைப் படித்துத் தேர்வும் எழுதியவர்தாம் நான். ஆயினும் அன்று என் விரல்கள் இரண்டாம் வினையைத்தான் அறிந்திருந்தன. ‘பாம்பு சட்டை உரிக்கிறது’ என்று நாம் சொல்வதில் உரிப்பதும் பாம்பே, உரிபடுவதும் அதன் தோலே. அந்த எழுவாயின் இடத்தில் இன்னொருவர் வந்து நின்றால் சொல்லின் பொருளே கடுத்துவிடுகிறது. ‘தோலை உரித்துவிடுவேன்’ என்ற மிரட்டலைக் கேளாமல் வளர்ந்தவர் நம்மில் எத்தனைபேர்?

இழுத்த இடத்தில் புதுத்தோல் சிவந்தது. அடுத்து, இடக்கண்ணின் மேல் சுருங்கிய படலம் ஒன்று தங்கியிருப்பதைக் கண்டேன். பாம்புக்கு இமை இல்லை. இமைக்கு மாறாகக் கண்ணை மூடியிருப்பது ஒளிபுகும் ஒற்றைச் செதில். உடலின் தோலோடு அதுவும் கழலவேண்டும். இடுக்கியைக் கையில் எடுத்தபின்தான், நல்லவேளையாக, ஒரு விலங்கு மருத்துவரைத் தொலைபேசியில் அழைத்தேன். “இடுக்கியைக் கீழே வையுங்கள்” என்றார். பழைய படலத்தோடு அடியிலுள்ள புதிய செதிலும் பெயர்ந்தால் கண்ணே போய்விடும். ஈரப்பதம் சரியாக இருந்தால் அடுத்த உரிப்பில் இரண்டும் சேர்ந்தே கழலக்கூடும். பொறுத்திருங்கள் என்பது அவர் அறிவுரை.

பிறகு அவர் கேட்ட கேள்விதான் என்னை நாணவைத்தது: “அறையில் ஈரப்பதம் எவ்வளவு?” வெளியே தில்லி வெயில், உள்ளே நாள்முழுதும் குளிர்சாதனம், தொட்டியின் மேல்மூடி கம்பிவலை. அளந்து பார்த்தால் 22 விழுக்காடு. இவ்வினத்துக்கு வழக்கமாக ஐம்பது, அறுபதாவது வேண்டும். உரிக்கும் காலத்தில் எழுபதை ஒட்டி இருப்பது நல்லது.

‘காட்டில் யார் உதவுகிறார்கள்? தானாக உரித்துக்கொள்ளும்’ என்று சொல்வோர் உண்டு. இவ்வாதம் எனக்கு ஏற்புடையதன்று. காட்டில் அதற்கு எலிவளைகளும் கைவிடப்பட்ட கறையான் புற்றுகளும் இருக்கின்றன. அவற்றின் உட்காற்று வெளிக்காற்றைவிட ஈரமானது. உராய்ந்து தொடங்கக் கல்லும் வேரும் உண்டு. அவற்றையெல்லாம் பறித்துக் கண்ணாடிக்குள் வைத்தவர்கள் நாம். ஆகவே உதவக் கடமைப்பட்டிருக்கிறோம். ஆனால் அவ்வுதவி பாம்பின் மேல் செய்யப்படுவதன்று. அதைச் சூழ்ந்திருக்கும் காற்றின் மேல் செய்யப்படுவது. ஈரப்பாசி நிரப்பிய, பாம்பு நுழையுமளவு துளையிட்ட மூடிப்பெட்டி ஒன்று. முரட்டுக் கல் ஒன்று. கண் மங்கிய நாள்களில் கையில் எடுக்காமை. இவை போதாமல் தோல் தங்கினால், உடலுயரத்துக்கும் குறைந்த வெதுவெதுப்பான நீரில், 30 பாகைக்கு மிகாமல், இருபது முப்பது நிமிடம், கண்காணிப்போடு விடலாம். பின் ஈரத்துண்டைத் தளர்வாகப் பிடித்து, அதன் மடிப்புகளினூடே பாம்பையே ஊர்ந்துபோகவிட வேண்டும். தோல் உரியும், நாம் உரிப்பதில்லை. மீண்டும் மீண்டும் துண்டாகக் கழன்றால் உண்ணிகளோ நோயோ இருக்கலாம், மருத்துவர் பார்க்கட்டும். பாம்பின் தோலை ஒரே இழுப்பில் உரித்தெடுத்து, காண இன்பமாக இருக்கிறது என்று பகிரப்படும் காணொளிகளை இனி என்னால் இன்பமாகக் காண இயலாது.

கண்ணையே நோக்கியிருந்ததில் வாலை நான் பார்க்கவில்லை. நுனியில் முந்தைய உரிப்பின் தோல் வளையமாகத் தங்கியிருந்தது. அதன்மேல் இம்முறையும் ஒன்று. காய்ந்த வளையம் இறுகிக் குருதியோட்டத்தைத் தடுத்துவிட்டது. தோழி திரும்பிய வாரத்தில் நுனி கறுத்திருந்தது. மருத்துவர் அரை விரல்கடை அளவு நீக்கவேண்டியிருந்தது. தோழி என்னைக் கடிந்துகொள்ளவில்லை. முந்தைய வளையம் தம் காலத்தது என்றார். அது உண்மையே, ஆனால் பாம்பு என் அறையில் இருந்தபோதுதான் அது கறுத்தது.

பொருநராற்றுப்படையில் கரிகாலன் பொருநனுக்கு அளிக்கும் மெல்லாடைக்குப் பாம்பின் உரியே உவமை. வகுப்பில் படித்தபோது அதை ஓர் அழகிய உவமை என்று மட்டுமே குறித்துக்கொண்டேன். ஜூலையில், மழைக்குப் பின், தோழி அழைத்துக் காட்டிய சட்டையைக் கையில் வாங்கியபோதுதான் அந்நெசவின் நுண்மை புரிந்தது. கிழியாத ஒரே நீளம். நெகிழ்ந்து விரிவதால் பாம்பைவிடச் சற்று நீளமாகவே இருந்தது. முதலில் தலைப்பகுதியை ஒளிக்கு நேரே பிடித்துப் பார்த்தோம். கண்செதில் இரண்டும் இருந்தன. இடப்பக்கத்தது சற்றே தடித்து, இரட்டையாக. வால்நுனி மட்டும் மொட்டையாக முடிந்திருந்தது.