நாகையிலிருந்து ஒரு கடல்வழி

விடுமுறைக்கு இலங்கை செல்லும் மட்டாஞ்சேரி வாடிக்கையாளர்கள் நெடும்பாசேரி விமான நிலையத்தையே நினைக்கின்றனர். நாள்தோறும் படகேறிப் பழகிய ஊருக்கு இது சற்று வியப்பே. எறணாகுளம்–வேளாங்கண்ணி விரைவு வண்டி நாகப்பட்டினம் வழியாகத்தான் செல்கிறது; அங்கிருந்து காங்கேசன்துறை ஏறத்தாழ 110 கிலோமீட்டர், கப்பலில் சுமார் நான்கு மணி நேரம்.

இச்சேவை 2023 அக்டோபர் 14 அன்று தொடங்கியது. முதலில் ஓடிய ‘செரியபாணி’ கொச்சி அறிந்த இலட்சத்தீவுக் கப்பல்தான். சில நாள்களிலேயே பருவமழையை முன்னிட்டு அது நின்றது. 2024 ஆகஸ்டில் ‘சிவகங்கை’ என்னும் கப்பல் வந்தது. முன்னர் 2011இல் தொடங்கிய தூத்துக்குடி–கொழும்புக் கப்பலோ ஓராண்டுகூட நீடிக்கவில்லை.

கட்டணச் சலுகையைவிட அட்டவணையின் உறுதியே இச்சேவையை நிலைநிறுத்தும் என்பது நம் கருத்து. திரும்பும் நாள் தெரியாத பயணத்திற்கு எந்தக் குடும்பம் விடுப்பெடுக்கும்? வடகிழக்குப் பருவத்தில் கப்பல் ஓடாதெனில் ஆண்டின் தொடக்கத்திலேயே அறிவித்துவிடலாம். அதுவரை, கப்பல் இரத்தானால் பணம் திரும்புமா எனக் கேட்டறிந்த பின்னரே சீட்டும் விடுதியும் பதிவு செய்வது நன்று.

இந்திய ரூபாயாக ஒருவர் 25,000 வரையே கொண்டுசெல்லலாம். 2024 பிப்ரவரி முதல் இலங்கையில் யுபிஐ வசதி உண்டு. பற்று அட்டையில் வெளிநாட்டுப் பயன்பாட்டைப் புறப்படுமுன் நாமே இயக்கிக்கொள்ள வேண்டும்.

கொச்சிக்கும் இதில் பங்குண்டு. மாலத்தீவுடன் 2019இல் ஏற்பட்ட உடன்படிக்கை பயணிகளையும் சரக்கையும் சேர்த்தே பேசியது. 2020 செப்டம்பரில் கொச்சி வழியாக மாலே சென்றது சரக்குக் கப்பல் மட்டுமே.