அரிட்டாபட்டி தப்பிச்சது. அடுத்த ஊர்?

திருத்தணியில இருந்து எழுதுறேன். கொஞ்சம் நீளமான பதிவு, முழுசா படிங்க.

ஒரு ஊர்ல சுரங்கம் தோண்டப் போறாங்கன்னா, அந்த ஊர் ஜனங்களை ஒரு வார்த்தை கேட்கணுமா வேண்டாமா? கேட்கணும்னுதான் 2006ஆம் ஆண்டு சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கை சொல்லுது. 30 நாள் முன்னாடி பேப்பர்ல விளம்பரம் வரணும். கலெக்டரோ அவர் அனுப்புற அதிகாரியோ தலைமையில கூட்டம் நடக்கணும். ஜனங்க பேசுறதை எல்லாம் வீடியோ எடுத்துப் பதிவு பண்ணணும். கூட்டத்துல நடக்கிற கூத்து நமக்கும் தெரியும்தான். ஆனாலும் ஒரு டீச்சர் எழுந்து நின்னு "எங்க ஸ்கூல் பக்கத்துல வெடி வைக்காதீங்க"ன்னு சொன்னா, அது ஃபைலுக்குள்ள ஏறும். நாளைக்குக் கோர்ட்டுக்குப் போனா அந்த ஃபைல்தான் நம்ம கையில இருக்கிற ஆயுதம்.

அந்த ஆயுதத்தைத்தான் பிடுங்கிட்டாங்க. 2025 செப்டம்பர் 8 அன்று ஒன்றிய சுற்றுச்சூழல் அமைச்சகம் ஒரு அலுவலகக் குறிப்பாணை போட்டது. அணுக் கனிமம், முக்கியக் கனிமம், வியூகக் கனிமம் தோண்டுற திட்டங்களுக்கு இனிமே மக்கள் கருத்துக்கேட்பு தேவையில்லையாம். நாடாளுமன்றத்தில் விவாதம் இல்ல, சட்டத் திருத்தம் இல்ல, ஒரு குறிப்பாணை, அவ்வளவுதான். ஆசிரியர் தினம் முடிஞ்சு மூணாவது நாள். ஆசிரியர் தினத்துக்குக் காரணமான ராதாகிருஷ்ணன் 1888இல் பிறந்தது நம்ம திருத்தணியில்தான்.

இதுல என்ன பெரிய விஷயம்னு கேட்கிறவங்க அரிட்டாபட்டியை நினைச்சுப் பாருங்க. 2024 நவம்பரில், நாயக்கர்பட்டி டங்ஸ்டன் பிளாக் இந்துஸ்தான் ஜிங்க் நிறுவனத்துக்கு ஏலம் போனதா ஒன்றிய சுரங்கத் துறை அறிவிச்சது. மேலூர் பக்கம் 2,015.51 ஹெக்டேர், கிட்டத்தட்ட 5,000 ஏக்கர். குடியிருப்பு, வயல், கண்மாய், பள்ளிக்கூடம், கோயில் எல்லாம் இருக்கிற ஊர்கள். அரிட்டாபட்டியில தமிழ்பிராமி கல்வெட்டு இருக்கு, சமணர் படுகை இருக்கு. 2022லயே தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர் பாரம்பரியத் தலமா அறிவிச்ச இடம் அது.

ஜனங்க என்ன செஞ்சாங்க? கிராம சபையைக் கூட்டித் தீர்மானம் போட்டாங்க. டிசம்பர் 9 அன்று சட்டமன்றமும் தீர்மானம் போட்டது. அப்புறம் டெல்லி ஒரு பேரம் பேசிப் பார்த்தது. பல்லுயிர்த் தலம் இருக்கிற பகுதியை மட்டும் மறுபரிசீலனை பண்றோம்னாங்க. அதாவது 2,015 ஹெக்டேர்ல வெறும் 193. ஊர்க்காரங்க அதுக்கு மசியல. 2025 ஜனவரி 7 அன்று நரசிங்கம்பட்டியில இருந்து மதுரை தல்லாகுளம் வரைக்கும் ஆயிரக்கணக்கில் போனாங்க. ஜனவரி 23 அன்று ஏலம் ரத்து.

இப்ப கணக்குப் போடுங்க. டங்ஸ்டன் அந்த முக்கியக் கனிமப் பட்டியல்லதான் இருக்கு. நாளைக்கு இன்னொரு அரிட்டாபட்டி வந்தா, கருத்துக்கேட்புக் கூட்டமே கிடையாது. கன்னியாகுமரி மாவட்டம் கிள்ளியூர் பக்கம் 1,144 ஹெக்டேர்ல அணுக் கனிம மணல் எடுக்கிற திட்டத்துக்கு 2024 அக்டோபர் 1 அன்று கூட்டம் வச்சிருந்தாங்க. எதிர்ப்புக்குப் பயந்து தள்ளி வச்சாங்க. இனிமே தள்ளி வைக்கிற தொல்லையே அவங்களுக்கு இல்ல.

"நம்ம பக்கம் டங்ஸ்டனும் இல்ல, அணு மணலும் இல்லயே"ன்னு திருத்தணி, பள்ளிப்பட்டு, ஆர்.கே.பேட்டை தோழர்கள் சொல்லலாம். சரி, கல் குவாரி? நான் சிவில் இன்ஜினியரிங் படிச்சவன். ஜல்லியும் எம்-சாண்டும் இல்லாம வீடு கட்ட முடியாதுன்னு யாரும் எனக்குப் பாடம் எடுக்க வேண்டாம். கேள்வி, எங்க தோண்டுறாங்க, யாரைக் கேட்டாங்க என்பதுதான். 5 ஹெக்டேருக்குள்ள அடங்குற தனி குவாரிக்கு ஏற்கெனவே கருத்துக்கேட்பு கிடையாது. அதனால, டெல்லி இப்ப பண்ணினதை மட்டும் திட்டிட்டு நம்ம மாநில விதிகளைப் பத்திப் பேசாம இருந்தா அது நியாயமில்ல.

தமிழ்நாடு சிறு கனிம விதிகள்படி குடியிருப்பில் இருந்து 300 மீட்டருக்குள்ள கல் குவாரிக்குக் குத்தகை தரக்கூடாது. கேட்க நல்லாத்தான் இருக்கு. ஆனா "குடியிருப்பு"ன்னா என்ன? வருவாய்த் துறைக் கணக்கில் இருக்கிற ஊர் நத்தம், வீட்டுமனை, அனுமதி வாங்கின லேஅவுட். உங்க ஊர் ஸ்கூல் நத்தத்துல இருக்கா, இல்ல ஊருக்கு வெளிய புன்செய் நிலத்துல கட்டினதா? சர்வே நம்பரைப் பார்த்து வைங்க. சண்டை வர்ற அன்னைக்குத் தேடினா கிடைக்காது. பத்து மணிக்கு வகுப்புல பாடம் நடக்கும்போது பாறைக்கு வெடி வைப்பாங்க, டிப்பர் லாரி ஸ்கூல் கேட்டை உரசிக்கிட்டுப் போகும். அந்தத் தூசியில மதியச் சாப்பாடு சாப்பிடப் போறது நம்ம வீட்டுப் பிள்ளைங்க.

இந்த ஊரே கேட்டு வாங்கின ஊர் தோழர்களே. ம.பொ.சி.யும் மங்கலங்கிழாரும் ஊர் ஊராப் போய் ஜனங்களைத் திரட்டி வடக்கெல்லைக்குப் போராடலேன்னா, 1960 ஏப்ரல் 1 அன்று திருத்தணி தமிழ்நாட்டோட சேர்ந்திருக்காது. அன்னைக்கு அவங்களுக்கு ஹேஷ்டேக் கிடையாது. மனுவும் கூட்டமும் மறியலும்தான்.

ட்ரெண்டிங் பண்ணுங்க, வேண்டாம்னு சொல்லல. அது என் வேலையும்தான். ஆனா ட்வீட்டை எந்த அதிகாரியும் ஃபைல்ல சேர்க்க மாட்டார். கிராம சபைத் தீர்மானத்தைச் சேர்த்தே ஆகணும். வருஷத்துக்கு ஆறு நாள் கிராம சபை: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. திருத்தணி நகராட்சிக்குள்ள இருக்கிறவங்களுக்கு ஏரியா சபை. செப்டம்பர் 8 குறிப்பாணையைத் திரும்பப் பெறணும், பள்ளிக்கூடம் பக்கத்துல எந்த அளவு குவாரி வந்தாலும் ஊரைக் கேட்கணும். இந்த ரெண்டையும் தீர்மானமா எழுதிக் கொடுங்க. மினிட் புக்ல ஏறினதைக் கண்ணால பார்த்துட்டு, கையெழுத்துப் போட்டு, அந்தப் பக்கத்தை போட்டோ எடுத்து இந்தப் பதிவுக்குக் கீழே போடுங்க. எந்த ஊராட்சின்னும் சேர்த்து எழுதுங்க, ஒன்றியம் வாரியா நாங்க தொகுக்கிறோம்.