எங்களிடம் மட்டும் கணக்கா?

ட்யூட்டி முடிந்து டிப்போவில் பணம் கட்டும்போது கலெக்ஷனில் பத்து ரூபாய் உதைத்தால், கண்டக்டர் கைக்காசைப் போட்டுவிட்டுத்தான் வீட்டுக்குப் போகிறான். லிட்டருக்கு இத்தனை கிலோமீட்டர் வரவில்லையா, டிரைவருக்கு மெமோ. 2021 மே மாதத்திலிருந்து டவுன் பஸ்ஸில் காசில்லாமல் ஏறும் பெண்களுக்கும் டிக்கெட் கொடுத்துத் தலையெண்ணுவது நாங்கள்தான். அரசுப் போக்குவரத்துக் கழக நிர்வாகத்தாரே, உங்கள் கணினியில் இருக்கும் வசூல் கணக்கில் எங்கள் கைபடாத எண் எது?

அந்த எண்ணைத்தான் எங்களிடமிருந்தே ஒளிக்கிறீர்கள். ஊதிய ஒப்பந்தப் பேச்சுவார்த்தைக்கு உட்கார்ந்தால் 'நட்டம்' என்ற ஒரே பாட்டு. எதில் நட்டம்? மாணவர் பாஸுக்கும் பெண்கள் பயணத்துக்கும் அரசு தந்த ஈடு எவ்வளவு, பாக்கி எவ்வளவு? வாங்கிய கடனுக்கு வட்டி எவ்வளவு போகிறது? வாய் திறக்க மாட்டீர்கள். "மேலே கேட்டுச் சொல்கிறோம்" என்பீர்கள். அந்த 'மேலே' இருப்பவர் எந்தக் கூட்டத்துக்கும் வந்து நாங்கள் பார்த்ததில்லை.

2018 ஜனவரியில் ஊதிய உயர்வுக்கு நாங்கள் கேட்ட பெருக்குக் காரணி 2.57, அரசு சொன்னது 2.44. அந்த 0.13-உம் ஓய்வுபெற்றவர்களின் பாக்கியும் சேர்ந்து ஒரு வாரம் பஸ்ஸை நிறுத்தின. ஸ்டாண்டில் காத்துக் கிடந்த ஜனம் ஏசியது எங்களைத்தான்.

பேரத்துக்கு வேண்டிய விவரத்தைச் சங்கம் கேட்டால் முதலாளி தந்தாக வேண்டும் என்று பிரிட்டனில் 1992-ஆம் ஆண்டுச் சட்டமே இருக்கிறது. அரசு முதலாளியும் தனியார் முதலாளியும் தர வேண்டும் என்று சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 1981-இலேயே பரிந்துரைத்தது. இங்கே 1947 தொழில் தகராறு சட்டம், நல்லெண்ணத்தோடு பேச மறுப்பது தவறு என்றது. கணக்கைத் திற என்று சொல்லாமல் விட்டது. தகவல் உரிமைச் சட்டத்தில் மனுப் போட்டால் 'வணிக ரகசியம்' என்று பதில் வருகிறது. மலையோரக் கிராமத்துக்கு நட்டத்தில் ஓடும் ஒற்றை பஸ்ஸில் என்னய்யா வணிக ரகசியம்?

இதையாவது விடுங்கள். எங்கள் சம்பளத்தில் பிடித்த சொசைட்டித் தவணை சொசைட்டிக்குப் போய்ச் சேரவில்லை என்பதே, கடன் பாக்கி என்று வீட்டுக்கு நோட்டீஸ் வந்த பிறகுதான் தெரிந்தது. அது எங்கள் காசு! எங்கே போனது, யாரைக் கேட்டுச் செலவழித்தீர்கள்?

அடுத்த பேச்சுவார்த்தைக்கு டீயும் பிஸ்கட்டும் வேண்டாம். வரவு செலவை முழுதாக, பதினைந்து நாள் முன்னதாகக் கொடுங்கள்.