கருவில் வளரும் மூளைக்கு ஒரு மேப்: சென்னை ஐஐடியின் ‘தரணி’ ஏன் முக்கியம்?

ஸ்கேன் ரிப்போர்ட்டில் ‘மூளை வளர்ச்சி நார்மல்’ என்று ஒரு வரி இருந்தால் போதும், வீடே நிம்மதியாகிவிடும். ஆனால், செல் அளவில் உள்ளே என்ன நடக்கிறது என்பது அந்த ஸ்கேனில் தெரியாது. அதைக் காட்டுவதுதான் ‘தரணி’. சென்னை ஐஐடியின் சுதா கோபாலகிருஷ்ணன் மூளை மையம் 2024 டிசம்பரில் வெளியிட்ட 3டி மூளை வரைபடம் இது.

என்ன செய்தார்கள்?

14 முதல் 24 வார வளர்ச்சியில் இருந்த 5 கரு மூளைகளை உறையவைத்து, மெல்லிய சீவல்களாக வெட்டி, சாயமேற்றிப் படமெடுத்தார்கள். மொத்தம் 5,132 சீவல்கள். இணையத்தில் யாரும் இலவசமாகப் பார்க்கலாம்.

ஏன் இந்த வாரங்கள்?

மீனோ, தவளையோ, மனிதனோ, முதுகெலும்புள்ள எல்லா உயிருக்கும் மூளை ஆரம்பத்தில் மூணு புடைப்புதான்: முன், நடு, பின். மனிதனுக்கு முன்மூளை மட்டும் அபாரமாகப் பெருக்கிறது. இந்த வாரங்களில் நியூரான்கள் உட்பகுதியில் பிறந்து, வெளிப்புறப் புறணியை நோக்கி நகர்கின்றன. அந்தப் பயணம் தடம் மாறினால், பின்னாளில் வலிப்பு, வளர்ச்சிக் குறைபாடுகள் வரலாம்.

அப்போ, உடனே பலன் உண்டா?

இல்லை. இது நோயைக் கண்டுபிடிக்கும் டெஸ்ட் அல்ல. 5 மூளைகளை வைத்து எல்லோருக்கும் பொதுவாகச் சொல்லிவிடவும் முடியாது. ஆனால், ‘நார்மல்’ எப்படி இருக்கும் என்று தெரிந்தால்தானே, கோளாறு எங்கே தொடங்கியது என்று தேட முடியும்?