வளாகத்தில் கருத்துரிமையும் பாதுகாப்பும்: மும்பை வழக்குகள் எழுப்பும் கேள்வி

நெருள் (நவி மும்பை): மாணவர் ஒருவரின் பேச்சுக்காக அவரைத் தண்டிக்கும் அதிகாரம் கல்வி நிறுவனத்துக்கு எந்த எல்லை வரை உண்டு? மும்பையின் இரு முன்னணி நிறுவனங்கள் 2024-இல் எடுத்த நடவடிக்கைகள் இக்கேள்வியைக் கூர்மைப்படுத்தியுள்ளன. மாட்டுங்கா, தாராவி, செம்பூர் முதல் நெருள் வரை வாழும் தமிழ்க் குடும்பங்களின் பிள்ளைகள் பலர் இந்நகரின் கல்லூரிகளில் பயில்வதால், இதற்கான விடை அவர்களையும் நேரடியாகத் தொடுகிறது.

இரண்டு ஆண்டு இடைநீக்கம்

செம்பூரை அடுத்த தேவ்னாரில் உள்ள டாடா சமூக அறிவியல் நிறுவனம், தலித் ஆராய்ச்சி மாணவர் ஒருவரை 2024 ஏப்ரலில் இரண்டு ஆண்டுகளுக்கு இடைநீக்கம் செய்தது. நிறுவனத்தின் பெயர் தாங்கிய பதாகையுடன் டெல்லியில் நாடாளுமன்றப் பேரணியில் பங்கேற்றதும், ஆனந்த் பட்வர்தனின் 'ராம் கே நாம்' ஆவணப்படத்தைக் காணுமாறு சமூக வலைதளத்தில் அழைப்பு விடுத்ததும் குற்றச்சாட்டுகளில் அடங்கும். அப்படம் தேசிய விருது பெற்றது.

பம்பாய் உயர் நீதிமன்றம் 2025 மார்ச்சில் மாணவரின் மனுவைத் தள்ளுபடி செய்தது. அவருக்கு அரசியல் கருத்து இருக்கலாம். அது நிறுவனத்தின் கருத்தாகத் தோன்றும்படி செய்ததே பிழை என்பது அதன் பார்வை. மே மாதம் உச்ச நீதிமன்றம், அதுவரை அனுபவித்த காலத்தையே போதிய தண்டனையாகக் கொண்டு, அவர் ஆய்வைத் தொடர வழிவிட்டது.

பவாயில் உள்ள பம்பாய் ஐஐடியில், ராமாயணத்தைத் தழுவி 2024 மார்ச்சில் மேடையேறிய 'ராஹோவன்' நாடகம் மத உணர்வைப் புண்படுத்தியதாகப் புகார் எழுந்தது. அதில் தொடர்புடைய மாணவர்கள் சிலருக்குத் தலா ரூ.1.2 லட்சம் வரை அபராதம் விதிக்கப்பட்டது.

பாதுகாப்பு என்னும் மறுபக்கம்

எனினும், பாதுகாப்புக் கவலையை வெறும் சாக்காக ஒதுக்கிவிட இயலாது. வளாக வன்முறையின் விளைவாகவே மகாராஷ்டிரத்தில் மாணவர் பேரவைக்கான நேரடித் தேர்தல்கள் 1990-களில் கைவிடப்பட்டன. 2019-இல் மும்பையில் பழங்குடியினத்தைச் சேர்ந்த இளம் பெண் மருத்துவர் ஒருவர் தற்கொலை செய்துகொண்டபோது, சாதி சொல்லி இழிவுபடுத்தியதாக உடன் பயின்ற மூத்தவர்கள் மீது வழக்குப் பதிவானது. இத்தகைய பாகுபாட்டைத் தடுக்கச் சமவாய்ப்புப் பிரிவும் தனி அலுவலரும் வேண்டும் எனப் பல்கலைக்கழக மானியக் குழு 2012-லேயே விதி வகுத்திருந்தது.

ஆனால், இந்த நிகழ்வுகளில் தீங்குக்கு உள்ளானவர் யார் என்பது தெளிவு. நாடாளுமன்றப் பேரணியிலோ, ஆவணப்பட அழைப்பிலோ அப்படிக் குறிப்பிட்ட எவரும் இல்லை. நிறுவனத்தின் நற்பெயரே பேசப்படுகிறது. இரண்டையும் 'பாதுகாப்பு' என்ற ஒரே சொல்லால் குறிக்கும்போதுதான் குழப்பம் பிறக்கிறது.

தமிழ்த் திரைப்படம் தந்த அளவுகோல்

அரசியலமைப்பின் 19(2) பிரிவு கருத்துரிமைக்கு நியாயமான கட்டுப்பாடுகளை அனுமதிக்கிறது. அதன் எல்லையை விளக்கிய முக்கியத் தீர்ப்பு, இடஒதுக்கீடு பற்றிய 'ஒரே ஒரு கிராமத்திலே' என்ற தமிழ்ப்படம் தொடர்பாக 1989-இல் வந்தது. பேச்சுக்கும் ஆபத்துக்கும் உள்ள தொடர்பு வெடிமருந்தில் விழும் தீப்பொறிபோல் நெருக்கமாக இருக்க வேண்டும்; எதிர்ப்பாளர்களின் மிரட்டலைக் காட்டிப் படத்தைத் தடுக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் கூறியது.

சென்னை ஐஐடி இதே சோதனையை 2015-இல் சந்தித்தது. பெயர் குறிப்பிடாத புகாரைத் தொடர்ந்து அம்பேத்கர் பெரியார் படிப்பு வட்டத்தின் அங்கீகாரத்தை மே மாதம் விலக்கிக்கொண்டது. நாடெங்கும் எதிர்ப்பு எழுந்ததும் ஜூனில் திருப்பி அளித்தது. அமெரிக்காவிலும் 2024 ஏப்ரலில் கொலம்பியா பல்கலைக்கழக நிர்வாகம், காசா போராட்டக் கூடாரங்களை அகற்றக் காவல்துறையை அழைத்தது. நூற்றுக்கும் மேற்பட்டோர் கைதாகினர். போராட்டம் அடங்கவில்லை, பிற வளாகங்களுக்கும் பரவியது.

தண்டிக்கும் முன் நிர்வாகங்கள் மூன்று வினாக்களுக்கு விடை காண வேண்டியுள்ளது. பாதிக்கப்பட்டவர் யார்? மீறப்பட்ட விதி முன்கூட்டியே தெளிவாக அறிவிக்கப்பட்டதா? தண்டனை பிழையின் அளவுக்கு ஏற்றதா? தேவ்னார் வழக்கில் மூன்றாவது வினாவுக்கு விடை கிடைக்க ஓராண்டுக்கும் மேல் ஆனது. அந்தக் காலத்தில் இழந்த கல்வியை எந்தத் தீர்ப்பாலும் முழுமையாகத் திருப்பித் தர இயலாது.