வாடகைக் காரும் அமானிதமும்



கிழக்கிலங்கையிலிருந்து ஒரு சகோதரி கண்ணீரோடு கடிதம் எழுதியிருக்கிறார். உம்ராவிலிருந்து திரும்பிய மாமியை அழைத்துவர, அவருடைய கணவர் மூன்று நாட்களுக்கு ஒரு காரை வாடகைக்கு எடுத்துக் கட்டுநாயக்கா சென்றாராம். “ஃபுல் இன்ஷூரன்ஸ் இருக்கிறது, பயப்பட வேண்டாம்” என்று கார்க்காரர் சொல்லியிருக்கிறார். திரும்பும் வழியில் கணவருக்குத் தூக்கம் வர, தம்பியிடம் காரைக் கொடுத்திருக்கிறார். தம்பிக்கோ இன்னும் சாரதி அனுமதிப்பத்திரம் கிடைக்கவில்லை. கார் மதகில் மோதி முன்பக்கம் நசுங்கிவிட்டது. காப்புறுதிக் கம்பனி கைவிரித்துவிட்டது. கார்க்காரர் முழுச் செலவையும் கேட்கிறார். “என் காப்புகளை அடகு வைக்கச் சொல்கிறார். இது எங்கள் மீது கடமையா?” என்பது சகோதரியின் கேள்வி.

உயிர்களைக் காத்த அல்லாஹ்வுக்கே புகழ் அனைத்தும். இனி விடயத்துக்கு வருவோம்.

மார்க்கச் சட்டத்தில் இரவலுக்கும் வாடகைக்கும் பெரிய வித்தியாசம் உண்டு. ஹுனைன் போருக்காக நபி (ஸல்) அவர்கள் ஸஃப்வான் இப்னு உமையாவிடம் கவசங்களை இரவல் வாங்கியபோது, அவற்றுக்குப் பொறுப்பேற்றே வாங்கினார்கள். இதை வைத்தே நமது ஷாஃபிஈ மத்ஹபில், இரவல் பொருள் சேதமானால் வாங்கியவர் ஈடு செய்ய வேண்டும் என்கிறார்கள். வாடகைப் பொருள் அப்படியல்ல. அது வாடகைக்கு எடுத்தவர் கையில் அமானிதம். அவருடைய வரம்புமீறலோ கவனக்குறைவோ இல்லாமல் சேதமானால் அவர் மீது ஈடு இல்லை. வரம்பு மீறினால் ஈடு கட்டாயம்.

அனுமதிப்பத்திரம் இல்லாதவரிடம் காரைக் கொடுத்தது தெளிவான வரம்புமீறல். எனவே சகோதரியே, உங்கள் கணவரும் அவருடைய தம்பியும் நியாயமான திருத்தச் செலவைக் கொடுத்தே ஆகவேண்டும். ஆனால் காப்புகள் உங்கள் சொத்து. நீங்கள் மனம் விரும்பிக் கொடுத்தால் நன்மை. கொடுக்கும்படி கட்டாயப்படுத்த எவருக்கும் உரிமையில்லை. வட்டிக்கு அடகு வைப்பதோ அறவே கூடாது. கார்க்காரரிடம் தவணை கேளுங்கள். கஷ்டப்படும் கடனாளிக்கு அவகாசம் கொடுப்பதை அல்குர்ஆன் வலியுறுத்துகிறது.

அடுத்து, “ஃபுல் இன்ஷூரன்ஸ்” என்ற சொல்லை நம்பி நாம் ஏமாறுகிறோம். நமது நாட்டில் 1951ஆம் ஆண்டின் 14ஆம் இலக்க மோட்டார் வாகனச் சட்டம் மூன்றாம் தரப்புக் காப்புறுதியைக் கட்டாயமாக்கியிருக்கிறது. அது நமது வாகனத்தால் பிறருக்கு நேரும் உயிரிழப்புக்கும் காயத்துக்கும் உரியது. நாம் ஓட்டும் காரின் நசுங்கலுக்கு அதிலிருந்து ஒரு சதமும் வராது. அதற்கு முழுமையான காப்புறுதி வேண்டும். அது இருந்தாலும் மூன்று இடங்களில் கை நழுவிப் போகலாம்.

ஒன்று, சொந்தப் பாவனைக்கென்று காப்புறுதி செய்த காரை உரிமையாளர் வாடகைக்கு விடுவது. அத்தகைய காப்புறுதி, வாடகை ஓட்டத்துக்குப் பொதுவாகச் செல்லாது. இரண்டு, அனுமதிப்பத்திரம் இல்லாதவர் ஓட்டுவது. ஒப்பந்தத்தில் பெயர் எழுதப்படாதவர் ஓட்டினாலும் சிக்கல்தான். மூன்று, “எக்செஸ்” என்னும் தொகை. சேதத்தில் முதலில் இவ்வளவை உரிமையாளரே ஏற்க வேண்டும் என்ற நிபந்தனை அது. வாடகைக்கு விடுபவர்கள் பலர் அந்தத் தொகையை நமது முற்பணத்திலிருந்து கழித்துக்கொள்வார்கள். கராஜில் கார் நிற்கும் நாட்களுக்கும் சிலர் வாடகை கேட்பார்கள்.

“காப்புறுதியே ஹராமாச்சே, மௌலவி?” என்று கேட்பீர்கள். 1985இல் ஜித்தாவில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அகடமி, வர்த்தகக் காப்புறுதியைத் தடுத்து, பரஸ்பர உதவியை அடிப்படையாகக் கொண்ட கூட்டுறவுக் காப்புறுதியை அனுமதித்தது. 1999இலிருந்து இலங்கையிலும் தகாஃபுல் இருக்கிறது. வாடகைக் காரைப் பொறுத்தவரை, கார் யாருடையதோ காப்புறுதியும் அவருடைய பொறுப்பே. அந்தச் செலவை வாடகையோடு சேர்த்துக்கொள்ள அவருக்கு அனுமதி உண்டு.

சகோதரிகளே, கார் வாசலுக்கு வந்ததும் சாமான்களை ஏற்ற அவசரப்படாதீர்கள். காப்புறுதிப் பத்திரத்தைப் பார்க்கும்படி கணவரிடம் சொல்லுங்கள். அதன் திகதி முடியவில்லையா, வாடகை ஓட்டத்துக்கு அனுமதி உண்டா, எக்செஸ் எவ்வளவு என்று பார்க்கட்டும். யார் யார் ஓட்டுவார்கள் என்பதை ஒப்பந்தத்தில் எழுதட்டும். ஏற்கெனவே உள்ள கீறல்களை உரிமையாளர் முன்னிலையில் படமெடுங்கள். அல்குர்ஆனின் மிக நீண்ட வசனமே (2:282) கடன் கொடுக்கல் வாங்கலை எழுதிக்கொள்ளச் சொல்வதுதான். எழுதுவது சந்தேகப்படுவதல்ல, உறவைக் காப்பது.

விபத்து நடந்துவிட்டால் வாகனத்தை அகற்றுவதற்கு முன் காப்புறுதிக் கம்பனிக்கும் உரிமையாளருக்கும் அறிவியுங்கள். எவராவது காயப்பட்டிருந்தால் முதலில் அவரைக் கவனித்து, பொலிஸுக்கும் சொல்லுங்கள். ஓட்டியவர் யார் என்பதை ஒருபோதும் மாற்றிச் சொல்லாதீர்கள். சகோதரியின் கடிதத்தில் எனக்கு ஆறுதல் தந்தது, அவருடைய கணவர் பொய் சொல்லவில்லை என்பதுதான். பணம் போனால் அல்லாஹ் தருவான். அமானிதம் போனால் எங்கே தேடுவது?

வல்ல நாயன் நமது பிரயாணங்களையும் கொடுக்கல் வாங்கல்களையும் ஸலாமத்தாக ஆக்கிவைப்பானாக! ஆமீன்.