முதுகுத்தண்டு நீரை வடிகட்டலாமா?

வயிற்றுப்போக்கு வந்து போகிறது. ஒன்றிரண்டு வாரத்தில் கால் மரத்துப் போகிறது. அடுத்த நாள் நடை தளர்கிறது. பிறகு கையும் ஓய்கிறது. சிலருக்கு மூச்சு விடவே முடிவதில்லை!

இதற்குக் கில்லன்-பாரே நோய் என்று பெயர். 2025-ம் ஆண்டுத் தொடக்கத்தில் புனே நகரில் பலரைப் படுக்கையில் தள்ளியது இதுதான். கிருமியோடு போராட வேண்டிய எதிர்ப்புச் சக்தி, ஆள் தெரியாமல் சொந்த நரம்பையே தாக்குகிறது. வேலியே பயிரை மேய்கிற கதை!

மூளையையும் முதுகுத்தண்டையும் சுற்றி ஒரு நீர் இருக்கிறது. பெரியவர்களுக்குச் சுமார் 150 மில்லி. ஒரு டம்ளர் அளவுதான். ஜெர்மனியில் உல்ம் நகர டாக்டர்கள் அந்த நீரைக் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே எடுத்து, வடிகட்டி, திரும்பவும் உள்ளே செலுத்தினார்கள். நரம்பைக் கெடுக்கும் பொருள்கள் வடிகட்டியில் தங்கிவிடும் என்பது அவர்கள் எண்ணம். 37 நோயாளிகளிடம் நடந்த சோதனையின் முடிவு 2001-ல் வெளிவந்தது. ரத்தத்தைச் சுத்தம் செய்யும் வைத்தியத்துக்கு இது இளைத்ததல்ல என்றார்கள்.

கேட்க அதிசயமாகத்தான் இருக்கிறது. ஆனால் 37 பேர் போதுமா? அதற்குப் பிறகு இந்த முறை எங்கும் வழக்கத்துக்கு வரவில்லை. பலன் உறுதியான வைத்தியங்கள் இரண்டுதான். ரத்தத்தில் உள்ள 'பிளாஸ்மா' என்ற நீரை மாற்றுவது ஒன்று. நல்ல எதிர்ப்புப் பொருளை ஊசி வழியே ஏற்றுவது மற்றொன்று. இரண்டுக்கும் செலவு அதிகம். இரண்டு வாரத்துக்குள் தொடங்குவது நல்லது.

கல்வராயன் மலைக்காரர்களை நினைத்துப் பாருங்கள். வெள்ளிமலையில் ஒருவருக்குக் கால் மரத்தால் முதலில் எண்ணெய் தேய்ப்பார்கள். அப்படியே நாலு நாள் போய்விடும். பிறகு கச்சிராயபாளையம் வழியாகக் கீழே இறங்கிக் கள்ளக்குறிச்சிக்கு வர வேண்டும். அங்கே 2022-ல் திறக்கப்பட்ட அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. கால் பலவீனம் மேலே ஏறுகிறது என்று தெரிந்த அன்றே கிளம்பிவிட வேண்டும்.

செலவுக்கு என்ன வழி? வங்காள தேசத்து டாக்டர்கள் ஒன்று செய்தார்கள். பெரிய யந்திரம் இல்லை. ரத்தத்தைப் பையில் எடுத்துத் தொங்கவிட்டார்கள். கனமான அணுக்கள் அடியில் தங்கின. மேலே தெளிந்த பிளாஸ்மாவை நீக்கிவிட்டு, அணுக்களை நோயாளிக்கே திருப்பி ஏற்றினார்கள். 20 பேருக்கு இப்படிச் செய்து, ஆபத்தில்லாமல் செய்ய முடியும் என்று 2018-ல் அறிவித்தார்கள். செலவு பல மடங்கு குறைவு! எவ்வளவு குணம் தரும் என்பதைப் பெரிய சோதனைதான் சொல்ல வேண்டும்.

ஜெர்மனி வடிகட்டியைவிட இந்தப் பைதான் நமக்கு ஏற்றது. அந்தப் பெரிய சோதனையில் கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரிக்கும் ஓர் இடம் கொடுக்க அரசு முன்வரட்டும்.